எஸ்.டி.டி. பூத் எப்படி ஒரேயடியாகக் காணாமல் போனது?

கேள்வி இதுதான்: "எங்கள் தெருவில் மட்டும் நாலு எஸ்.டி.டி. பூத் இருந்ததாம், ராத்திரி வரிசையில் நின்று பேசுவார்களாம். அப்பா சொல்கிறார். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தபோது ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போனது? அதை நம்பிப் பிழைத்தவர்கள் என்ன ஆனார்கள்?"

அந்த மாதிரி பூத் ஒன்றை நடத்தியவன் நான். தென்காசிப் பக்கம், அப்போது திருநெல்வேலி மாவட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பத்துக்கு எட்டு அடிக் கடை. 1994-ல் பூத்தாகத் திறந்தேன். கடை இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது, உள்ளே நடக்கிற வியாபாரம்தான் நாலைந்து தடவை மாறிவிட்டது. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தெருவில் நடந்து போனவர்களுக்கு இது 2003-க்கும் 2007-க்கும் நடுவே நடந்த மாதிரி தெரிந்திருக்கும். ஆனால் அதை முடிவு செய்த காரியங்கள் 1999-லிருந்து 2003-க்குள் டெல்லியில் நடந்து முடிந்துவிட்டன. எங்களுக்கு அது உறைக்கவில்லை. காரணம், அந்த வருடங்களில்தான் எங்கள் கல்லா நிறைந்துகொண்டிருந்தது.

பூத் வருவதற்கு முன்னால் என்ன இருந்தது என்பதைச் சொல்லாமல் இது புரியாது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் புக் பண்ண வேண்டும், அதாவது எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரிடம் நம்பரைச் சொல்லிவிட்டு, அவர் இணைத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று தினுசு தினுசாக உண்டு. லைட்னிங் என்றால் சாதாரணக் கட்டணத்தைப் போல எட்டு மடங்கு. சாவுச் செய்திக்கும் பெரிய வியாபாரிகளுக்கும்தான் அது. நாமே நம்பரைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. ஆனால் சின்ன ஊர்களுக்கு வந்து சேர முப்பது வருடம் ஆனது. 1984-ல் தொலைத்தொடர்பு நிபுணர் சாம் பிட்ரோடாவின் முயற்சியில் சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையத்தை ஆரம்பித்தார்கள். ஏ.சி. அறை இல்லாமல், நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய 128 லைன் எக்ஸ்சேஞ்சை அவர்கள் செய்தார்கள். எங்கள் ஊருக்கு எஸ்.டி.டி. வந்ததே அந்த மாதிரி சின்ன எக்ஸ்சேஞ்சால்தான்.

1991-ல் இந்தியாவில் மக்கள் 84 கோடிப் பேர், டெலிபோன் சுமார் 50 லட்சம். வீட்டுக்கு போன் வேண்டுமென்று எழுதிப் போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு கொடுக்க முடியாது, தெருவுக்கு ஒன்று கொடுக்கலாம், ஆள் உட்கார்ந்து காசு வாங்கட்டும் என்பதுதான் பூத் யோசனை. மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர், கணவரை இழந்தவர்கள் என்று முன்னுரிமை வைத்து அனுமதி கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அரசாங்கம் செய்த வேலைகளில் உருப்படியான ஒன்று இது. ஓர் ஏழையின் கையில் லைன் கொடுத்தது, ஊருக்கே போன் கொடுத்தது.

சரி, பூத் எப்படி இருக்கும்? மஞ்சள் போர்டு, அதில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. (வெளிநாட்டு அழைப்பு), பி.சி.ஓ. (பொதுத் தொலைபேசி) என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு கண்ணாடி கேபின், அதற்குள் ஒரு ஸ்டூல், உச்சியில் சின்ன பேன். போனுக்கு மேலே ஒரு பெட்டி, அதில் சிவப்பு எழுத்தில் நம்பரும் நேரமும் தொகையும் ஓடும். இன்னொரு பெட்டி என் மேஜையில். பேசி முடித்து ரிசீவரை வைத்ததும் பக்கத்திலிருக்கும் குட்டி பிரிண்டர் கிர்ர் என்று ஒரு சீட்டைத் துப்பும். எந்த ஊர், எத்தனை வினாடி, எவ்வளவு ரூபாய் என்று எல்லாம் அதில் இருக்கும். பேரம் பேச இடமே கிடையாது. எங்களுக்கு நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய் அளவில் கமிஷன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பில் வரும், கட்டத் தவறினால் லைனை வெட்டிவிடுவார்கள்.

உள்ளே போகிறவர்கள் ஆளிடம் பேசுவதைவிட அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்ப்பதுதான் அதிகம். என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். மும்பை தாராவியில் எங்கள் பக்கத்து ஆட்கள் நிறைய. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்குப் பகலில் நிமிடத்துக்கு 30 ரூபாய்க்கும் மேலே ஆகும். அந்தக் காலத்து 30 ரூபாய்! அதனால் "நல்லா இருக்கியா, பணம் வந்துச்சா, பிள்ளைக்கு ஜுரம் விட்டாச்சு, வைக்கட்டா" என்று நாற்பது வினாடியில் ஒரு குடும்பமே பேசி முடித்துவிடும். இரவு ஏற ஏறக் கட்டணம் இறங்கும். முதலில் அரை, அப்புறம் மூன்றில் ஒன்று, 11 மணிக்கு மேல் கால் கட்டணம். உங்கள் அப்பா சொன்ன ராத்திரி வரிசை அதுதான். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு என் கடை வாசலில் பதினைந்து பேர் நிற்பார்கள், பக்கத்து டீக்கடையும் அவர்களுக்காகவே திறந்திருக்கும்.

இன்கமிங்கும் உண்டு. சவுதியில் இருக்கும் கணவர் கடிதத்தில், "வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு பூத்துக்குக் கூப்பிடுகிறேன்" என்று எழுதியிருப்பார். அந்தம்மா எட்டரைக்கே பிள்ளைகளுக்குத் தலைவாரிக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். லைன் கிடைக்காமல் பத்தரைக்கு அடித்த நாளும் உண்டு, அடிக்காமலே போன நாளும் உண்டு. இன்கமிங்குக்கு ஐந்து ரூபாய் வாங்குவோம். அது சட்டப்படி சரியா என்று இப்போது கேட்காதீர்கள்.

செல்போன் அப்போதே வந்துவிட்டது. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசியது. ஆனால் நாம் கூப்பிட்டாலும் காசு, நமக்கு வந்தாலும் காசு. நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போனது. அது பணக்காரர் விளையாட்டு என்று நாங்கள் சிரித்தோம். அதே வருடம் வந்த, செய்தியை மட்டும் காட்டும் குட்டிக் கருவியான பேஜரையும் பார்த்துச் சிரித்தோம். பேஜர் விஷயத்தில் எங்கள் சிரிப்பு சரியாகத்தான் இருந்தது.

1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. அதற்கு முன்னால் செல்போன் கம்பெனிகள் ஆளே சேராவிட்டாலும் அரசாங்கத்துக்குக் கொத்தாக லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும், அதனால் கட்டணத்தை இறக்க வழியில்லை. புதிய கொள்கையில் வருமானத்தில் பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். இப்போது நிறையப் பேரைச் சேர்ப்பதுதான் லாபம் என்றாகிவிட்டது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் வந்த விஷயம், நான் படிக்கக்கூட இல்லை. 2000 அக்டோபரில் டெலிபோன் டிபார்ட்மென்ட் பி.எஸ்.என்.எல். ஆனது. வெளியூர் அழைப்பில் தனியார் கம்பெனிகளும் இறங்கின. 2002 தொடக்கத்தில் எஸ்.டி.டி. கட்டணம் பாதிக்கும் கீழே விழுந்தது.

கட்டணம் விழுந்தால் பூத்காரனுக்கு நஷ்டம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. முன்பு நாற்பது வினாடி பேசியவர்கள் ஐந்து நிமிடம் பேச ஆரம்பித்தார்கள். வாரம் ஒருமுறை வந்தவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார்கள். இருபத்தைந்து வருடத்தில் எனக்கு மிக நல்ல வருடம் 2002தான். அந்தத் தீபாவளிக்கு, வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்து இரண்டாவது கேபின் போட்டேன்.

அந்த டிசம்பரிலேயே ரிலையன்ஸ் தன் போன்களுக்கிடையே நிமிடத்துக்கு 40 பைசா என்று அறிவித்தது. அடுத்த வருடம் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்றார்கள். 2003-லேயே எல்லாக் கம்பெனியிலும் இன்கமிங் இலவசமானது.

எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவர் என் முதல் வாடிக்கையாளர். விடிகாலை ஐந்தரைக்கு வருவார். முதலில் 0474, கொல்லம். அப்புறம் மதுரை. அப்புறம் 044. மூன்று இடத்து விலையையும் கேட்டு, சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டு, எந்த லாரியில் எத்தனை மூட்டை ஏற்றுவது என்று என் கடை வாசலிலேயே முடிவு செய்வார். நாளொன்றுக்கு நூற்றைம்பது ரூபாய்க்குக் குறையாது. 2003 ஆடி மாசத்தில் ஒரு வாரம் அவர் வரவில்லை. எட்டாம் நாள் விடிகாலையில் வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. கடைப் படியில் நின்று, கையில் வைத்திருந்த போனில் கொல்லத்துக்குப் பேசினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நம்ம கமிஷன் கடைக்குள்ள டவர் எடுக்கல. உங்க படியிலதான் எடுக்கு. தப்பா நெனைக்காதீய."

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதம் அதே படியில் நின்று பேசினார். அப்புறம் அவர் கடைக்குப் பக்கத்திலேயே டவர் வந்துவிட்டது.

பூத்தைக் கொன்றது மலிவான அவுட்கோயிங் என்று பலரும் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கொன்றது இலவச இன்கமிங். அதுவரை ஒருவருக்கு போன் வேண்டுமென்றால் அவர் பேசுவதற்குக் காசு வைத்திருக்க வேண்டும். இன்கமிங் இலவசமானதும், பேசக் காசில்லாதவரும் போன் வைத்துக்கொள்ளலாம், கூப்பிடுகிறவன் கூப்பிடட்டும் என்று இருக்கலாம். கொத்தனார், பால்காரர், மீன் விற்கிற அம்மா என்று இவர்கள் எல்லாரும் வாங்கியது பேசுவதற்காக அல்ல, தங்களைக் கூப்பிடுவதற்காக. அதோடு கல்யாணப் பத்திரிகையில் பக்கத்து வீட்டு நம்பரைப் போட்டு "பி.பி." என்று அச்சடிக்கும் பழக்கம் போனது. மிஸ்டு கால் என்று ஒரு பாஷையே வந்தது. ஒரு ரிங் விட்டால் பஸ் ஏறிவிட்டேன், இரண்டு ரிங் விட்டால் வந்து சேர்ந்துவிட்டேன். கம்பெனிக்கும் காசில்லை, எனக்கும் காசில்லை!

2004-ல் நாட்டில் செல்போன் எண்ணிக்கை லேண்ட்லைனைத் தாண்டியது. லேண்ட்லைன் உச்சத்தில் இருந்தபோதே ஐந்து கோடிதான். 2010 முடிவில் செல்போன் இணைப்பு 75 கோடி. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல்.லே இந்தியா முழுக்க நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்று திட்டம் கொண்டுவந்தபோது, முன்பு வரிசை நின்ற 11 மணிக்கு என் கடையில் நானும் பிரிண்டரும்தான். பெட்டிக்கடைகளில் தொங்கிய ஒரு ரூபாய் காயின் போன் இன்னும் சில வருடம் ஓடியது, அவ்வளவுதான். 2006 கடைசியில் லைனைச் சரண்டர் செய்தேன். இரண்டாவது கேபினுக்கு வைத்த நகை 2008-ல்தான் திரும்பியது.

பூத்காரர்களில் பலர் என்னைப் போல ரீசார்ஜுக்குப் போனார்கள். இடம் இருக்கிறது, வாடிக்கையாளர் முகம் தெரியும், மாறுவது கஷ்டமில்லை. முதலில் நகத்தால் சுரண்டுகிற கார்டு, அப்புறம் கடைக்காரர் போனிலிருந்தே ஏற்றிவிடும் ஈசி ரீசார்ஜ். 10 ரூபாய்க்கு ஏற்றச் சொல்லி நாளைக்கு இருநூறு பேர் வருவார்கள். ஆனால் பூத்தில் நூற்றுக்கு இருபது கிடைத்தது, ரீசார்ஜில் நூற்றுக்கு மூன்று கிடைத்தாலே பெரிது. ஏழு மடங்கு வேலை பார்த்தால் பழைய வருமானம். நோட்டில் நம்பரை எழுதச் சொல்வோம். பெண்பிள்ளைகள் எழுதத் தயங்குவார்கள், தம்பியை அனுப்புவார்கள். தயக்கத்துக்குக் காரணமும் இருந்தது. அந்த நம்பரை வேறு பையன்களுக்குக் கொடுத்த கடைக்காரர்கள் எங்கள் தொழிலில் இருந்தார்கள். இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

ரீசார்ஜ் முடிந்த கதை இன்னும் வேகம். 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. அறிமுகமானது, எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது, முதலில் சில மாதம் எல்லாமே இலவசம். நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று பிரதமர் டிவியில் சொன்னார். அன்றைக்குக் கல்லாவில் இருந்த பதினாறு ஐந்நூறு ரூபாய் நோட்டை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. ஒரே வருடத்தில் இந்த மூன்றும். அப்புறம் பேசுவதற்குத் தனிக் காசு என்பதே போய், மாதத்துக்கு இவ்வளவு என்று ஆனது. 10 ரூபாய் டாப்-அப்புக்கு வேலையில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுவதையும் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தே ஏற்றிக்கொள்கிறார்கள். யு.பி.ஐ.யில் மாதத்துக்கு நூறு கோடிப் பரிவர்த்தனை என்ற அளவு 2019 அக்டோபரில் வந்தது. அது ஆயிரம் கோடியாக ஆனது 2023 ஆகஸ்டில். நாலு வருடம்கூட முழுதாக ஆகவில்லை.

நடுவில் 2018 பிப்ரவரியில் ஏர்செல் டவர்கள் அடங்கின. மாதக் கடைசியில் கம்பெனி திவால் மனுப் போட்டது. தமிழ்நாட்டில் ஏராளமான பேர் கையில் அந்த நம்பர்தான். வேறு கம்பெனிக்கு மாற எஸ்.எம்.எஸ். அனுப்பி ஒரு குறியீடு வாங்க வேண்டும். சிக்னலே இல்லாமல் எஸ்.எம்.எஸ். எங்கே போகும்? சிக்னல் வருகிற இடம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆற்றுப் பாலத்தில் போய் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

பெரிய முதலாளிக்கும் இதே கதிதான் என்பது ஓர் அற்ப ஆறுதல். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு நிறுத்தியது. என் பூத்துக்கு அதைவிட ஆயுள் அதிகம்.

நீங்கள் "இவ்வளவு சீக்கிரம்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கு நோட்டுப்படி அப்படியொன்றும் சீக்கிரம் இல்லை. பூத் ஒரு பன்னிரண்டு வருடம், ரீசார்ஜ் ஒரு பன்னிரண்டு வருடம். இரண்டிலும் ஏறுமுகம்தான் நீளம், சரிவு கடைசிச் சில வருடம்தான். சரிவை மட்டும்தான் ஆட்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். இப்போது ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம். கல்லா மேலே ஒரு பெட்டி, யார் காசு அனுப்பினாலும் சத்தம் போட்டுச் சொல்லும். விண்ணப்பங்களையும் சீக்கிரமே அவரவர் போனில் போட்டுக்கொள்வார்கள் என்று தெரிகிறது. இந்தத் தடவை நகையை வைத்து இரண்டாவது மெஷின் வாங்கவில்லை.

எல்லாராலும் என்னைப் போல மாற முடிந்ததா என்றால், இல்லை. என்னோடு அனுமதி வாங்கியவர் ஒருவர், சின்ன வயதில் போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர். அவருக்குக் கிடைத்த இடம் ஓர் அரசு வளாகத்துக்குள். ஜனம் எப்போதும் இருக்கும், வியாபாரம் என்னைவிட நன்றாக ஓடியது. ஆனால் இடத்தைக் கொடுத்த தாளில் "பொதுத் தொலைபேசிக்கு மட்டும்" என்று இருந்தது. போனில் வருமானம் நின்றதும் பிஸ்கட் பாக்கெட் தொங்கவிட்டார், எடுக்கச் சொன்னார்கள். ரீசார்ஜ் கார்டு வைத்தார், அதற்கும் தனி அனுமதி வேண்டும் என்றார்கள். மனு எழுதினார், பதில் வரவில்லை. அடிக்காத போனுக்கு முன்னால் ஒன்றரை வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு 2008-ல் காலி செய்தார். எந்த நிபந்தனை அவருக்கு இடத்தைப் பிடித்துக் கொடுத்ததோ, அதே நிபந்தனை அவரை அந்த இடத்தை விட்டு நகரவும் விடவில்லை.

இப்போது வீட்டோடு ஆடு வளர்க்கிறார், பரவாயில்லாமல் போகிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். கொட்டகையின் மேற்குப் பக்கத்தில் தகரத்துக்குப் பதிலாக அந்த மஞ்சள் போர்டைத்தான் அடித்திருக்கிறார். எழுத்து உள்பக்கம். வெயிலும் மழையும் படாததால் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., பி.சி.ஓ. எல்லாம் நேற்று எழுதிய மாதிரி இருக்கிறது. குட்டி ஒன்று அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.